முதலாளி தூங்கும் நேரம்

கடிதம் 1
ஜூன் 4, புதன்கிழமை, காலை 9.10

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. வலது முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரரும் புது ஊரில் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

கடந்த ஞாயிறு, ஜூன் 1 அன்று, மாலை 4.20க்கு வந்தாய், 4.35க்குப் போய்விட்டாய். கூண்டை மேசைமேல் வைத்தாய். "ரூம்ல பிராணி வெச்சுக்க விடமாட்டாங்களாம் மாமா, நவம்பர் கடைசி வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாய். நானும் சரி என்றேன். திருமணமான இந்த மூன்று ஆண்டுகளில் நீ என்னிடம் கேட்ட முதல் உதவி இதுதான். மறுக்க எனக்கு மனமில்லை.

நீ செய்த ஒரு காரியத்தை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். வளர்க்கும் முறையை ஒரு தாளில் எழுதி, அதை நான்காக மடித்து, தொலையாமல் இருக்கட்டும் என்று கூண்டின் கம்பிகளுக்கிடையே செருகிவிட்டுப் போனாய். மறுநாள் காலை 6.15க்கு நான் பார்த்தபோது அந்தத் தாள் தாளாக இல்லை. உன் ஹாம்ஸ்டர் என்ற அந்தக் கையடக்கப் பிராணி அதை நூல் நூலாகக் கிழித்து மெத்தை செய்து அதற்குள் புதைந்துகொண்டிருந்தது. ஒரு குச்சியால் துழாவி என்னால் மீட்க முடிந்தவை மூன்று துண்டுகள். ஒன்றில் 'முதலாளி' என்றும், இன்னொன்றில் 'கொடுக்கக் கூடாது' என்றும், மூன்றாவதில் 'ஒருபோதும்' என்றும் இருக்கின்றன. எதைக் கொடுக்கக் கூடாது, எதை ஒருபோதும் செய்யக் கூடாது என்பதெல்லாம் அதன் கன்னத்துக்குள் இருக்கிறது. முதலாளி யார் என்பதும் விளங்கவில்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் பேசிய பேச்சுக்குத் தேதி கிடையாது. ரயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். எனக்குக் காகிதம் வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி எழுதி அனுப்பு.

அது பகல் முழுவதும் தூங்குகிறது. பயணக் களைப்பாக இருக்கலாம். அதுவரை ரொட்டித் துண்டும் தண்ணீரும் வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டு வேளையைத் தவறவிடாதே.

மாமா

கடிதம் 2
ஜூன் 9, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முழங்காலும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இவரும் நலம். வந்த மூன்றாம் நாளே இவருக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது.

கடிதத்தைப் படித்துப் பயிற்சிப் பட்டறையிலேயே சிரித்துவிட்டேன். கையில் இருந்த முன்பல் உருண்டு எங்கேயோ போய்விட்டது. அரை மணி நேரம் தேடினோம். "பல்லைக் கீழ போட்டுட்டு பல்லைக் காட்டுறியே" என்றார் மேற்பார்வையாளர். செயற்கைப் பல் செய்யும் வேலை நினைத்ததைவிடப் பிடித்திருக்கிறது, மாமா. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய சிரிப்பைக் கையில் வைத்திருப்பது போல இருக்கிறது.

முதலாளி என்பது அதன் பெயர். நாங்கள் இரண்டு பேரும் உழைக்கிறோம், அது வீட்டில் இருந்தபடி மேற்பார்வை பார்க்கிறது. இவர் வைத்த பெயர்.

ரொட்டியை நிறுத்திவிடுங்கள். கூண்டோடு கொடுத்த பையில் தீனி உருண்டையும் தானியக் கலவையும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதோடு நகத்தளவு கேரட்டோ வெள்ளரியோ, எப்போதாவது அவித்த முட்டையின் வெள்ளையில் ஒரு துணுக்கு. ஆரஞ்சு, எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் கிட்டவே போகக் கூடாது. கன்னப் பையில் அடைத்துக்கொண்டு போய் மூலையில் சேர்த்துவைக்கும். அழுகக்கூடிய காய்கறியை மட்டும் எடுத்துவிடுங்கள், தானியத்தை விட்டுவிடுங்கள். சேமிப்பு காணாமல் போனால் அதற்குக் கவலை வந்துவிடும். தண்ணீர்ப் புட்டியை தினமும் கழுவ வேண்டும், குழாயின் நுனியில் உள்ள சிறு இரும்புக் குண்டு அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள்.

கூண்டு அதற்குச் சிறியதுதான். இன்னும் பெரிய வீடு செய்துகொடுக்க வேண்டும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே மரச்சீவல் ஒரு சாணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், தோண்டிக்கொண்டு போவதற்கு. வாசனை வீசும் மரத்தின் சீவல் ஆகாது, மூச்சு முட்டும். வெயிலும் காற்றும் நேராகப் படாத இடம் நல்லது. துணைக்கு இன்னொன்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இது தனியாக வாழும் ஜாதி, இரண்டாக இருந்தால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும்.

அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

உடம்பைக் கவனியுங்கள், மாமா. தைலம் தேய்க்க மறக்க வேண்டாம்.

மருமகள்

கடிதம் 3
ஜூன் 19, வியாழக்கிழமை, காலை 8.00

அன்புள்ள மருமகளுக்கு,

உன் 9ஆம் தேதிக் கடிதம் 12ஆம் தேதி காலை 11.25க்குக் கிடைத்தது. நீங்கள் இருவரும் நலம் என்றறிந்து நிம்மதி. நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னவற்றை வரிவரியாக நிறைவேற்றியுள்ளேன். பழைய புத்தக அலமாரியைப் படுக்கவைத்து, முன்பக்கத்துக்குக் கண்ணாடியும் மேல்பக்கத்துக்குக் கம்பி வலையும் பொருத்தினேன். நீளம் நான்கு அடி, அகலம் இரண்டு அடி. மூன்று நாள் வேலை. கீழ்வீட்டு மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்ன சார், எலிக்கு பங்களாவா?" என்றார். எலி அல்ல என்று விளக்கினேன். "வால் இல்லாத எலி" என்று சொல்லிவிட்டுப் போனார். மரச்சீவல் ஒன்பது அங்குலம். தபால் நிறுக்கும் தராசில் எடை பார்த்தேன்: 148 கிராம். பெட்டியைக் கிழக்குப் பக்கத்துச் சிறிய அறையில் வைத்திருக்கிறேன். அந்த அறை காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு நல்ல செய்தி. அதன் தூக்கத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டேன். பயணக் களைப்பு என்று பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பகலில் உறங்குவதும் விளக்கு வைத்த பிறகு ஊர் சுற்றுவதும் அதற்கு வழக்கமாகவே போய்விட்டிருக்கிறது. ஜூன் 13, வெள்ளி முதல் காலை 6.15க்குத் திரையை விலக்கி, கண்ணாடியை மெல்லத் தட்டி, மரச்சீவலை ஒதுக்கி எழுப்புகிறேன். 6.30க்கு உணவு. 9 மணிக்கு மறுபடி தூங்கப் பார்க்கும், அனுமதிப்பதில்லை. மூன்றாம் நாள் 6.17க்கு என் ஆள்காட்டி விரலைக் கடித்தது. ஆரம்ப எதிர்ப்புதான். ஒரு மாதத்தில் நீ அடையாளம் காண முடியாதபடி ஒழுங்குக்கு வந்துவிடும்.

வெளியூர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

மாமா

கடிதம் 4
ஜூலை 2, புதன்கிழமை, மாலை 5.30

அன்புள்ள மருமகளுக்கு,

என் 19ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதின்மூன்று நாளாகிவிட்டது. தபாலில் கோளாறா, உனக்கு உடம்பு சரியில்லையா, ஒன்றும் தெரியவில்லை. நான் நலம் என்று வழக்கத்துக்காக எழுதுகிறேன்.

எடை 131 கிராம். இடது விலாவில் ஒரு காசளவுக்கு முடி உதிர்ந்திருக்கிறது. 6.15க்கு எழுப்பினால் எழுந்து நிற்கிறது; ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதது போல நிற்கிறது. இரண்டு நாளாகக் கடிப்பதில்லை. கடித்தால் தேவலை என்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். இதற்குள் நான் ஏதோ தவறு செய்திருந்தால் உடனே தெரிவி.

மாமா

கடிதம் 5
ஜூலை 3, வியாழன்

மாமா,

உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? நலம் விசாரித்து நிதானமாக எழுத இப்போது முடியவில்லை. அதை எழுப்பாதீர்கள். காலையில் மட்டுமல்ல, பகலில் எப்போதுமே. அது இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் பிறப்பே அப்படி. பகல் தூக்கம் கெட்டால் உயிருக்கே ஆபத்து.

கிழிந்துபோன முதல் தாளில் இதைத்தான் முதல் வரியாக எழுதியிருந்தேன். உங்கள் கையில் கிடைத்த 'ஒருபோதும்' அந்த வரியில் இருந்ததுதான். "பகலில் ஒருபோதும் எழுப்பாதீர்கள்." இரண்டாம் முறை உங்களுக்கு எழுதும்போது அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பகல் தூக்கம் என்ற பேச்சை உங்கள் வீட்டில் எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. குத்திக்காட்டுவது போல இருக்குமோ என்று பயந்தேன். "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டேன். தப்பு என்னுடையது.

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். முதலாளி உங்களிடம் இருப்பது இவருக்குத் தெரியாது. தோழி வீட்டில் விட்டிருப்பதாகச் சொல்லியிருந்தேன். உங்கள் கடிதங்கள் வருவதும் அவருக்குத் தெரியாது. 19ஆம் தேதிக் கடிதம் வந்த அன்று காலையில், வேலை முடிந்து தாமதமாகத் திரும்பிய இவர் வாசலிலேயே தபால்காரரிடம் வாங்கியிருக்கிறார். உறையில் இருந்த கையெழுத்து தெரியாதா? ஒன்பது நாள் பையிலேயே வைத்திருந்தார். நேற்றுதான் எடுத்து மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அதையுமா எழுப்புறாரு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை.

நான் உங்கள் குடும்பத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்ததைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இரவெல்லாம் பேக்கரி அடுப்படியில் நின்று அஞ்சரைக்கு வந்து படுக்கும் உங்கள் மகனை இரண்டு வருடம் தினமும் ஆறேகாலுக்கு எழுப்பினீர்கள். அந்த மாவு பிசையும் இயந்திரத்தில் விரல் போனது கவனக்குறைவால் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி. நின்றபடியே கண் அசந்துவிட்டார், மாமா. உங்களிடம் அதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்று அதை மீறிவிட்டேன்.

முதலாளிக்கு ஏதாவது ஆனால் இவர் இனி அந்தப் படியை மிதிக்க மாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மருமகள்

கடிதம் 6
ஜூலை 8, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று 11.40க்கு வந்தது. நலம்.

மருத்துவரிடம் 4ஆம் தேதியே போய்விட்டேன். கால்நடை மருத்துவர் ஒரு அம்மையார். என்னைவிட முப்பது வயது இளையவர். நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். அதன் தினசரி அட்டவணையை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு போட்டுக் குடுத்தது?"

"நானேதான்."

"சார், இது ராத்திரி ட்யூட்டி பாக்குற ஜீவன். மூணு வாரமா அதத் தூங்கவிடாம வெச்சிருக்கீங்க. நீங்க மூணு நாள் தாங்குவீங்களா?"

ஒழுங்குக்காகச் செய்தேன் என்றேன்.

"அதுக்கு அதோட ஒழுங்கு இருக்கு சார். உங்க கடிகாரத்துல அது தெரியல, அவ்வளவுதான்." பிறகு அதன் காதோரம் தடவிக்கொண்டே, விளையாட்டாகத்தான், "வீட்ல வேற யாரையாவது இப்படி எழுப்பிட்டிருந்தீங்களா?" என்று கேட்டார்.

மருந்தை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

4ஆம் தேதி முதல் எழுப்புவதில்லை. எடை 129. பிழைக்கும், பிழைக்காது என்று இரண்டையும் சமமாகச் சொல்லியிருக்கிறார். உன் கடிதத்தின் மூன்றாவது பத்தி வரை இரண்டு முறை படித்தேன். நான்காவது பத்தியை ஒருமுறை. அதற்குப் பதில் எழுத இப்போது என்னிடம் வாக்கியம் இல்லை.

மாமா

கடிதம் 7
ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.50

அன்புள்ள மருமகளுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கேட்கும் நிலையில் நானும் இல்லை. எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். எடை 139 என்று சொல்லத்தான் எழுதுகிறேன். முடி உதிர்ந்த இடத்தில் பூனைமயிர் போல அரும்பியிருக்கிறது.

இப்போதெல்லாம் அந்தி நேரத்தில் சிறிய அறைக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். விளக்குப் போடுவதில்லை. சன்னலில் வெளிச்சம் முதலில் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, பிறகு எங்கே போகிறது என்று தெரியாமல் போய்விடுகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தை 6.40, 6.55 என்று மட்டும் அறிந்திருந்தேன். அதற்கு இத்தனை நிறம் உண்டென்று தெரியாது. அறையும் நானும் கரைந்துபோன சமயத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரச்சீவல் ஓரிடத்தில் மூச்சுவிடுவது போல எழும்பும். ஒரு மூக்கு வரும். அது காற்றைப் படிக்கும். பிறகு முதலாளி வெளியே வருவார். முன்னங்கால்களை நீட்டி, வாய் முழுக்கத் திறந்து, ஒரு கொட்டாவி. அவ்வளவு திருப்தியான கொட்டாவியை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. கண்டிருக்க வாய்ப்பும் இல்லை. என் வீட்டில் யாரையும் நான் அந்த அளவுக்குத் தூங்க விட்டதில்லை.

கண்ணாடியை ஒட்டி அவர் தோண்டிய சுரங்கங்கள் தெரிகின்றன. மூன்று கிளை, ஒரு களஞ்சியம், ஒரு படுக்கையறை. நேற்று நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் அந்தச் சுரங்கங்களுக்குள் நடக்கிறேன். பொன்னிறமான சுவர்கள், சுட்ட ரொட்டியின் வாசனை. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். என் காலத்து இரவு ரயில் ஓட்டுநர்கள், சிக்னல்காரர்கள், மருத்துவமனைத் தாதிகள், முகம் தெரியாத இன்னும் பலர். என் கையில் கால அட்டவணை. எழுத்துகள் தண்ணீரில் விழுந்தவை போல மிதக்கின்றன. யாரையும் எழுப்பிவிடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறேன். சுரங்கம் முடியவே இல்லை. விழித்தபோது முதலாளி ஏறி ஓடும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது, தொலைவில் ரயில் போவது போல.

ஒரு விவரம் தேவைப்படுகிறது. பேக்கரியில் அடுப்பை எத்தனை மணிக்கு மூட்டுவார்கள்? மாவு எப்போது பிசைகிறார்கள்? இதுவரை நான் கேட்டதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். இருவருமே.

மாமா

கடிதம் 8
ஆகஸ்ட் 4, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? இருட்டில் நாற்காலியில் தூங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், தலையணை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கடிதத்தை இவர் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கேட்காதவர் போல சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். காலில்தான் போட்டிருந்தார். கனவு வந்த இடத்தில் தேடுவதை நிறுத்திவிட்டார்.

முடித்ததும், "சக்கரம் எத்தன அங்குலம்னு எழுதியிருக்காரா?" என்றார்.

"இல்ல."

"எழுதமாட்டாரே. எல்லாத்துக்கும் அளவு சொல்லுவாரு, வேண்டியதுக்குச் சொல்லமாட்டாரு."

"நீங்களே கேளுங்களேன்."

"எனக்கென்ன வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். திரும்பி வந்து, பேனா எங்கே என்று கேட்டார்.

அடுப்பை இரவு பத்தரைக்கு மூட்டுவார்கள், மாமா. மாவு பதினொன்றுக்கு. முதல் ரொட்டி இரண்டே முக்காலுக்கு வெளியே வரும். அப்போது அது சன்னமாகச் சத்தம் போடுமாம், மேலோடு வெடிக்கிற சத்தம். இவருக்கு அந்த நேரம்தான் நாளிலேயே பிடித்த நேரமாம். எனக்கே இப்போதுதான் சொன்னார்.

உடம்பு பத்திரம்.

மருமகள்

*(கீழே வேறு கையெழுத்தில்)*
சக்கரம் சின்னதா இருந்தா முதுகு வளையும். எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கம்பிச் சக்கரம் வேண்டாம், கால் மாட்டும்.

கடிதம் 9
ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, மாலை 7.05

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் 7ஆம் தேதி பகல் 12.10க்கு வந்தது. தலையணை வைத்துக்கொள்கிறேன். கழுத்து குணம்.

உன் கடிதத்தின் கீழே கையொப்பமும் தேதியும் இல்லாத குறிப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பதில் பின்வருமாறு. பழைய சக்கரத்தை அளந்தேன்: ஐந்தேகால் அங்குலம், கம்பி. குறிப்பு முற்றிலும் சரி. 9ஆம் தேதி ஒன்பது அங்குலத்தில் மூடிய பலகைச் சக்கரம் ஒன்று பொருத்தியாயிற்று. முதுகு நேராக இருக்கிறது. எடை 146. இத்தகவலை எழுதியவரிடம் சேர்ப்பித்துவிடு.

ஜூலை 3 தேதியிட்ட உன் கடிதத்தின் நான்காவது பத்திக்கு இன்று பதில் எழுதுகிறேன். ஆறு வாரமாகிவிட்டது, என் வாழ்நாளில் இவ்வளவு தாமதமான பதில் வேறு இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் இரவு ரயில்களுக்கு நான்தான் நேரம் எழுதினேன். புறப்பாடு, வருகை, நிற்கும் நிமிடம், எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. ஓட்டுகிறவன் எப்போது தூங்குவான் என்பதற்குப் பத்தி கிடையாது. நான் கேட்டதும் இல்லை. இறங்கியவன் எங்காவது தூங்கியிருப்பான் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வந்தேன். விடிந்த பிறகு படுத்திருக்கும் ஒருவனை எனக்குச் சோம்பேறி என்று மட்டுமே படிக்கத் தெரிந்திருந்தது. அந்த விரல் என்னால் போயிற்று. இதை நான் எழுதியதாகவே நீ அவனுக்குப் படித்துக் காட்டலாம், படிக்காமலும் விடலாம். உன் விருப்பம்.

சிறிய அறையின் சன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணியில் இரட்டைத் திரை தைத்து மாட்டியிருக்கிறேன். மரச்சீவலுக்குள் இருக்கும் முதலாளிக்கு அவ்வளவு இருட்டு தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். இருக்கட்டும் என்று மாட்டிவிட்டேன். கட்டிலில் புது விரிப்பு போட்டிருக்கிறேன்.

நலமாக இருங்கள்.

மாமா

கடிதம் 10
செப்டம்பர் 9, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நலத்தை எதிர்பார்த்து எழுதுகிறேன். இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. நானும் எடுக்கவில்லை.

நேற்று தானாகவே ஆரம்பித்தார். பேக்கரியில் அடுப்புக்கு உள்செங்கல் மாற்றுகிறார்களாம், 19ஆம் தேதியிலிருந்து எட்டு நாள் வேலை இல்லை.

"முதலாளிக்கு ரெண்டு வயசாகப்போகுது. அதுங்க ரொம்ப நாள் இருக்காது. ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்னு" என்றார்.

"அப்பாவை?"

"முதலாளியத்தான் சொன்னேன்."

"சரி, முதலாளியத்தான்" என்றேன்.

எனக்கு விடுப்பு கிடைக்காது, தனியாகத்தான் வருகிறார். 18ஆம் தேதி இரவு கடைசி வேலை, மறுநாள் பகலெல்லாம் பேக்கரிச் சாமான்களைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் ரயில் ஏறுகிறார். ரயிலில் அவருக்குத் தூக்கம் வராது. 20ஆம் தேதி காலை ஆறு மணிவாக்கில் உங்கள் வாசலில் நிற்பார். இரண்டு ராத்திரி தூங்காமல் வருவார், மாமா.

மருமகள்

கடிதம் 11
செப்டம்பர் 20, சனிக்கிழமை, பிற்பகல் 3.40

அன்புள்ள மருமகளுக்கு,

பென்சிலில் எழுதுவதைப் பொறுத்துக்கொள். என் பேனா காகிதத்தில் கீச்சிடும். கூடத்துக்கும் சிறிய அறைக்கும் இடையில் ஒரு மரக்கதவுதான் இருக்கிறது.

என் மகன் காலை 6.05க்கு வந்தான். நான் 4.50 முதல் வாசலில் இருந்தேன். இளைத்திருக்கிறான். முன்பக்கம் முடி நரைத்திருக்கிறது. உனக்கு அது பழகிப்போயிருக்கும், எனக்கு அது அவனைப் பார்க்காத நான்கு ஆண்டு ஏழு மாதத்து நரை.

"வா" என்றேன்.

"ம்." செருப்பைக் கழற்றினான். "முதலாளி எங்க?"

"உன் ரூம்ல. தூங்குறார்."

"தூங்குறாரா?" என்றான். மரியாதையைக் கவனித்திருப்பான் போலும், உதட்டோரம் லேசாக அசைந்தது.

பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தின் கடைசியில் பழுப்பு உருண்டை ஒன்று மூச்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்தான். பார்க்கும்போதே அவன் தலை இரண்டு முறை சாய்ந்தது. பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னான்:

"பழைய ஆறேகால் மாதிரி எழுப்பறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்கப்பா. நான் ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜ்ல போய்ப் படுத்துக்கறேன்."

அந்தக் கணத்துக்காக நான் பதினொரு வரி எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 12ஆம் தேதியிலிருந்து தினமும் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரியும் வரவில்லை. "கதவச் சாத்திக்கோ" என்றேன்.

சாத்திக்கொண்டான். அப்போது 6.32.

அதன்பிறகு எனக்கு வேலை சரியாக இருந்தது. 7.15க்குக் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியோடு தெருமுனை திரும்பினார். ஓடிப் போய் மறித்தேன்.

"யாருக்காவது ஒடம்பு சரியில்லையா சார்?"

"இல்ல. என் மகன் தூங்குறான்."

"இந்நேரத்துலயா?"

"இந்நேரத்துலதான்."

கீழே மெக்கானிக் ஒரு வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்கக் கை ஓங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுத்தியலை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், ஒரு ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு நான் கதவத் தொறந்தப்ப 'மதிய வணக்கம்'னு சொன்ன ஆளு நீங்க."

"சொன்னேன். தப்பு."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். வைத்தது கூடச் சத்தமில்லாமல். இன்று பகல் முழுவதும் பஞ்சர் மட்டும் ஒட்டுகிறார்.

தெரு இப்போது விசித்திரமாக இருக்கிறது. எல்லாரும் பேசுகிறார்கள், உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. மாடிவீட்டு அம்மாள் துணியைக் கூட உதறாமல் காயப்போடுகிறார். வெயில் கூடத்தின் இந்தச் சுவரில் தொடங்கி அந்தச் சுவருக்குப் போய்விட்டது. அது போவதை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் தூங்குகிறார்கள். ஒருவர் மூச்சு எனக்குக் கேட்காது. மற்றவனுடையது கேட்கிறது.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. முதலாளிக்கு எது ஆகும், எது ஆகாது, எத்தனை கரண்டி, எத்தனை கிராம் என்று என்னால் ஒப்பிக்க முடியும். இவன் விழித்ததும் என்ன சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்கக் கடிதத்துக்கு நேரமில்லை. முட்டை, பால், இரண்டு வகை ரொட்டி, பழம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். ரொட்டிக்காரனுக்கு ரொட்டி வாங்கி வைத்தது சரியா என்று ஒரு மணி நேரமாக யோசனை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா. உனக்கு நான் நிறைய எழுத வேண்டும். இப்போதைக்கு இதுவே.

*இரவு 8.00. தொடர்ச்சி:*

6.50க்குக் கதவு திறந்தது. விளக்குப் போடாத கூடத்தில் அவன் நின்றான். தலைமயிர் ஒரு பக்கம் படிந்து, கன்னத்தில் தலையணையின் மடிப்பு. சன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்னப்பா, இருட்டிடுச்சு. எழுப்பலையா?"

"இல்ல."

பிறகு வந்து, எனக்கு எதிர் நாற்காலியில் அல்ல, பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "நீங்க என்ன குடுத்தாலும்" என்றான். முட்டை இரண்டு ஊற்றவா, மூன்றா என்று கேட்டேன். மூன்று என்றான்.

மாலை 7.10க்கு என் மகனுக்குக் காலை உணவு பரிமாறினேன்.

மாமா